நினைவை அளக்கும் மொழி
(தேவதானத்தில் நிகழ்த்திய உரை)



தலையில் அடிபட்டுக் கிடப்பவனின் நினைவை எண்ணால் அளக்கலாம் என்று காட்டியவர்கள், கிளாசுகோ நகரத்து மருத்துவர்களாகிய கிரகாம் தீசுடேலும் பிரையன் சென்னெட்டும். 1974-இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோல், சிறிது திருத்தம் பெற்று, இன்று உலகெங்கும் வழங்குகின்றது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6, ஆக 15. முற்றும் உணர்வற்றவனுக்கும் 3 உண்டு. 8-உம் அதற்குக் கீழும் கடுங்காயம். எண் இறங்கிக்கொண்டே போனால், மூளையுள் குருதி கசிகின்றதோ என்று மருத்துவர் விரைவர்.

பேச்சுக்குரிய எண்ணைப் பாருங்கள். தன் பெயர், இருக்குமிடம், காலம் ஆகியவற்றைச் சரியாகச் சொன்னால் 5, மாறிச் சொன்னால் 4, தொடர்பற்ற சொற்களுக்கு 3, வெற்றொலிக்கு 2, ஒலியே இல்லையேல் 1. அசைவிலும், ஏவியதைச் செய்தால்தான் 6. ஏவிய மொழி புரியாதவன் என்ன செய்வான்?

சென்ற ஆண்டு என் பெரியப்பா மிதிவண்டியிலிருந்து விழுந்தார். கொண்டுசென்ற மருத்துவமனையில் இளைஞரான மருத்துவர், "இன்னைக்கு என்ன டேட்?" என்றார். பெரியப்பா விழித்தார். மறுமுறை கேட்கவே, "ஆவணி பன்னிரண்டு" என்றார். மருத்துவர் 4 என்று குறித்தார். நான் நாட்காட்டியைக் காட்டினேன், ஆவணி பன்னிரண்டேதான்! அவர் நாணிச் சிரித்து, 5 என்று திருத்தினார். அவரைக் குறைகூறேன், ஆங்கிலத்தில் கற்றதை ஆங்கிலத்தில் கேட்டார். ஆனால் அந்த ஓரெண், வேண்டாத அச்சத்தையும் செலவையும் அழைத்து வந்திருக்கும். குழம்பாதவனைக் குழம்பியவன் என்று முதலிலேயே எழுதிவிட்டால், பின்னர் மெய்யாகவே குழம்பும்போது அவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படாது. இஃது அதனினும் கொடிது.

நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். "தங்கள் இயற்பெயர் யாது?" என்று நான் கேட்டிருந்தாலும் பெரியப்பா விழித்திருப்பார்! "உங்க பேரென்ன? இது எந்த இடம்? இன்னைக்கு என்ன கிழமை?" இவையும் தமிழே. இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் பாட்டியைத் தெலுங்கிலேதான் கேட்க வேண்டும்.

அடிபட்டவருடன் செல்வோர், அவர் வீட்டில் பேசும் மொழியையும், காது மந்தமாயின் அதனையும், முன்பே பேச்சுக் குழறுபவராயின் அதனையும் மருத்துவர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள்.