குறி தவறாத நஞ்சு

கடுமையான காலரா கண்டவரின் உடலிலிருந்து ஒரே நாளில் பத்து லிட்டருக்கும் மேல் நீர் வெளியேறிவிடும். இத்தனைக்கும் காலராக் கிருமி இரத்தத்தில் கலப்பதில்லை; குடல் சுவரைத் துளைத்து உள்ளே போவதுமில்லை. சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. மற்ற வேலையெல்லாம் அந்தப் புரதத்தினுடையது. அதுதான் காலரா நச்சு. கிருமியைப் போக்கிவிட்டு அந்தப் புரதத்தை மட்டும் தனியே பிரித்துத் தூய்மையாக்கினால், உயிரணுவின் உள்வேலையை ஆராய அதைவிடக் கூரிய கருவி கிடைப்பது அரிது. காலரா நச்சு மட்டுமன்றி, கக்குவான் இருமல், டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களின் நச்சுகளும் இப்படி ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவைதாம். குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பூசி எந்த மூன்று நோய்களைத் தடுக்கிறதோ, அதே மூன்று.

காலராக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று ராபர்ட் காக் 1884இலேயே கருதினார். ஆனால் அந்த நஞ்சு எழுபது ஆண்டுகளுக்கு மேல் யார் கையிலும் சிக்கவில்லை. கிருமியையும் அதன் சாரத்தையும் விலங்குகளின் இரத்தத்திலும் தோலுக்கடியிலும் ஏற்றிப் பார்த்தார்கள், காலரா வரவில்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் சம்புநாத் டே, நஞ்சைத் தேட வேண்டிய இடம் குடல்தான் என்று முடிவு செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு பக்கமும் நூலால் கட்டி, அந்த அடைப்புக்குள் கிருமியைச் செலுத்தினார். சில மணி நேரத்தில் அந்தப் பகுதி நீர் கோத்துப் புடைத்தது. இது 1953இல். 1959இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தைச் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. நோயைத் தருவது சுரக்கப்பட்ட ஒரு பொருளே என்பது அதோடு உறுதியாயிற்று. ஒரு முயல், கொஞ்சம் நூல், ஒரு வடிகட்டி: இதற்கு மேல் அந்தச் சோதனைக்கு எதுவும் தேவைப்படவில்லை. இவ்வளவு செய்தவர் நாட்டில் பெரிய அங்கீகாரம் எதுவும் பெறாமலே 1985இல் மறைந்தார்.

வடிகட்டிய திரவத்திலிருந்து நச்சைத் தூய புரதமாகப் பிரித்தவர்கள் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஃபின்கெல்ஸ்டைனும் ஜோசப் லோஸ்பலூட்டோவும், ஆண்டு 1969. தூய பொருள் கிடைத்த பிறகுதான் அதன் அமைப்பும் வேலையும் புரியத் தொடங்கின. அதில் இரு வகைத் துண்டுகள் உள்ளன. ‘பி’ துண்டுகள் ஐந்து, வளையமாக நிற்பவை. உயிரணுச் சவ்வில் உள்ள ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொள்வது அவற்றின் வேலை. ‘ஏ’ துண்டு ஒன்றே. அதுதான் உள்ளே நுழைந்து தீங்கு செய்கிறது.

அந்தத் தீங்கு விழும் இடம் ஜி-புரதம். அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் உயிரணுவுக்குள் நுழையாமல், வெளிச்சவ்வில் உள்ள ஏற்பிகளில் அமர்ந்தே செய்தி சொல்கின்றன. அதை உள்ளே கொண்டுசேர்ப்பது ஜி-புரதம். அது ஒரு கதவைப் போல, ஜிடிபி என்ற மூலக்கூறு சேரும்போது திறந்துகொள்ளும். சற்று நேரத்தில் அந்த ஜிடிபியைத் தானே சிதைத்து மூடிக்கொள்ளும். திறந்திருக்கும் வரை சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்திப்பொருள் உற்பத்தியாகும். காலரா நச்சின் ஏ துண்டு, என்ஏடி என்ற துணைநொதியிலிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்து ஜி-புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தில் ஒட்டிவிடுகிறது. அதன் பிறகு ஜி-புரதத்தால் மூடிக்கொள்ள முடியாது. சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போக, குடல் உயிரணுக்கள் குளோரைடை வெளியே தள்ளுகின்றன. அதன் பின்னாலேயே நீரும் போகிறது.

ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது அந்த ஒட்டும் வேலைதான். என்ஏடியில் கதிரியக்கப் பாஸ்பரஸைச் சேர்த்து நச்சிடம் கொடுத்தால், நச்சு எந்தப் புரதத்தில் கைவைக்கிறதோ அந்தப் புரதம் கதிரியக்கம் பெற்றுவிடும். சவ்வின் புரதங்களைக் கூழ்மப் பலகையில் எடைவாரியாகப் பிரித்து அதன் மேல் ஒளிப்படத் தகட்டை வைத்தால், குறித்த இடத்தில் கருமையான பட்டை விழும். சவ்வில் ஜி-புரதம் மிகச் சொற்பம். மற்றப் புரதங்களின் கூட்டத்தில் எது அது என்று அடையாளம் காணும் வேலையை நச்சே செய்துகொடுத்தது. ஆல்ஃபிரட் கில்மனின் குழு அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்க முனைந்த காலத்தில் இந்தப் பட்டை பெருந்துணையாக இருந்தது. ஜி-புரதக் கண்டுபிடிப்புக்காகக் கில்மனும் மார்ட்டின் ராட்பெல்லும் 1994இல் நோபல் பரிசு பெற்றனர்.

கதையின் மறுபாதி ஜப்பானில் நடந்தது. கக்குவான் இருமல் நச்சை எலிகளுக்குச் செலுத்தினால் கணையம் வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலின் சுரக்கிறது என்பதை மிச்சியோ உய், தோஷியாகி கதாதா இருவரும் ஆராய்ந்துவந்தனர். இன்சுலின் சுரப்பை அட்ரினலின் தடுப்பது இயல்பு. இந்த நச்சு அந்தத் தடையை நீக்கிவிடுவதை அவர்கள் கண்டனர். 1982இல் விடை தெளிவாயிற்று. இந்த நச்சும் என்ஏடியிலிருந்து அதே பகுதியை எடுத்துத்தான் ஒட்டுகிறது. ஆனால் ஒட்டுவது வேறொரு ஜி-புரதத்தில்; அது சைக்ளிக் ஏஎம்பி உற்பத்தியைக் குறைப்பது. ஒட்டுப்பட்ட ஜி-புரதத்தை ஏற்பியால் எழுப்ப முடியாது. முடுக்கும் புரதம் ஒன்று, அடக்கும் புரதம் வேறொன்று என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று அப்போது இல்லை.

இன்றும் ஒரு புதிய மருந்தோ ஹார்மோனோ எந்த வழியில் வேலை செய்கிறது என்று அறிய, உயிரணுக்களைச் சில மணி நேரமோ ஓரிரவோ கக்குவான் நச்சில் ஊறவிட்டுப் பார்க்கிறார்கள். அதன் பின் மருந்தின் விளைவு மறைந்துபோனால், செய்தி அந்த அடக்கும் ஜி-புரதக் குடும்பத்தின் வழியாகவே போகிறது என்று கொள்ளலாம். மறையாவிட்டால் முடிவு அவ்வளவு எளிதன்று. அதே குடும்பத்து ஜிஇசட் என்ற புரதமும் அடக்கும் வேலை செய்வதுதான். ஆனால் நச்சு ஒட்டிக்கொள்ளும் அமினோ அமிலம் அதில் இல்லாததால் தப்பிவிடுகிறது.

நரம்பியலில் இப்படி ஆய்வுக் கருவியானவை டெட்டனஸ், பாட்டுலினம் நச்சுகள். ஒன்று உடலை வில்லாக விறைக்கவைக்கும். மற்றொன்று தசைகளைத் தளர்த்திச் செயலிழக்கச் செய்யும். எதிரெதிரான இந்த விளைவுகளுக்கு வேர் ஒன்றே. 1992இல் இத்தாலியின் பதுவா நகரில் ஜம்பியெத்ரோ ஸ்கியாவோ, செசாரே மாண்டெகூக்கோ குழுவினர், டெட்டனஸ் நச்சும் பாட்டுலினம் ‘பி’ நச்சும் துத்தநாகம் தாங்கிய வெட்டும் நொதிகள் என்றும், சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை இரண்டும் ஒரே புள்ளியில் வெட்டுகின்றன என்றும் காட்டினர். விளைவு மாறுவது இடத்தால்: பாட்டுலினம் தசையை ஒட்டிய நரம்பு முனையிலேயே தங்குகிறது, டெட்டனஸ் தண்டுவடம் வரை ஏறி, அங்கே தசையை அடக்கிவைக்கும் நரம்பணுக்களின் வாயை அடைக்கிறது. பாட்டுலினம் ‘ஏ’ வெட்டுவது ஸ்னாப்-25 என்ற புரதத்தை. ‘சி’ வகை சின்டாக்ஸினையும் வெட்டும். இந்த மூன்றில் எதை வெட்டினாலும் நரம்பணு தன் செய்திப்பொருளை வெளியிட முடியாமல் போகிறது. செய்திப்பொருளைத் தாங்கிய நுண்பைகள் சவ்வோடு இணைவதற்கு இம்மூன்றும் இன்றியமையாதவை என்பதற்கு நச்சுகளே சாட்சியாயின. நுண்பைப் போக்குவரத்து ஆய்வுக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேறு சில நச்சுகள் எதையும் வெட்டுவதோ ஒட்டுவதோ இல்லை. சவ்வில் துளை போடுகின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் ஆல்ஃபா நச்சு, ஏழு துண்டுகள் கூடி மிகக் குறுகிய குழாயாகிறது. அதன் வழியே உப்புகளும் ஏடிபி போன்ற சிறு மூலக்கூறுகளும் போகும், புரதங்கள் போகா. ஸ்ட்ரெப்டோலைசின் ‘ஓ’ போடும் துளையில் புரதங்களே நுழையும். உள்ளே எதை அனுப்ப வேண்டும் என்பதைப் பொறுத்து ஆய்வாளர் துளையைத் தேர்கிறார். 1996இல் ஆல்ஃபா நச்சின் குழாய் வழியே மின்னழுத்தத்தால் ஒற்றை இழை டிஎன்ஏவை இழுத்துக் காட்டினார்கள். இழை கடக்கும்போது மின்னோட்டம் குறைவதை அளக்கலாம். நானோதுளை வழியே மரபெழுத்துகளைப் படிக்கும் தொழில்நுட்பத்துக்கு அது ஒரு தொடக்கம்.

தொண்டை அடைப்பான் நச்சின் ஒரே மூலக்கூறு உள்ளே போனாலும் ஓர் உயிரணுவைக் கொல்லப் போதும். ஆனால் சுண்டெலியின் உயிரணுக்களை அது பெரிதாகத் தாக்குவதில்லை. அவற்றின் ஏற்பியில் அதனால் பற்ற முடியாது. இந்தக் குறையைத்தான் ஆய்வாளர் நிறையாக்கிக்கொண்டனர். பற்றக்கூடிய ஏற்பிக்கான மரபணுவைச் சுண்டெலியின் குறிப்பிட்ட ஒருவகை உயிரணுவில் மட்டும் இயங்கவைத்துவிட்டு, வேண்டிய நாளில் நச்சை ஊசியாகச் செலுத்தினால், அந்த வகை மட்டும் அழியும். 2001இல் கல்லீரல் உயிரணுக்களில் தொடங்கிய இந்த முறை இன்று நோயெதிர்ப்பு ஆய்வில் பரவலாக வழங்குகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் தூய்மை. காலரா, கக்குவான் கிருமிகளின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்ஸின் நச்சோடு சேர்ந்துவந்துவிடும். அது நானோகிராம் அளவில் இருந்தாலே நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கிளர்ந்தெழும். அந்த விளைவை நச்சின் கணக்கில் எழுதிவிட நேரும். கொதிக்கவைத்தால் நச்சுப் புரதம் பயனற்றுப்போகும், எண்டோடாக்ஸின் பிழைத்திருக்கும். எனவே கொதித்த நச்சும் அதே விளைவைத் தந்தால் ஐயப்பட வேண்டும். இன்னும் உறுதியான ஒப்பீடு, நொதிச் செயலை மட்டும் இழந்த மாற்றுருவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தொண்டை அடைப்பான் நச்சில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய சிஆர்எம்197 அப்படிப்பட்டது; சில நிமோனியாத் தடுப்பூசிகளில் அது தாங்கு புரதமாகவும் பயன்படுகிறது.

ஆய்வு செய்பவரின் பாதுகாப்பும் ஒரு கேள்வி. டெட்டனஸ் நச்சில் வெட்டும் வேலையைச் செய்வது சிறிய துண்டு. நரம்பணுவுக்குள் நுழையப் பெரிய துண்டு வேண்டும். சிறிய துண்டு தனியாக எந்த உயிரணுவுக்குள்ளும் எளிதில் புக முடியாது. அதனால் அந்தத் துண்டுக்கான மரபணுவை மட்டும் விலங்கின் குறிப்பிட்ட நரம்பணுக்களில் வைத்து, அங்கேயே நச்சைத் தயாரிக்கச் செய்யலாம். 1995இல் பழ ஈக்களில் இது செய்துகாட்டப்பட்டது. அந்த நரம்பணுக்கள் சாவதில்லை. பேச்சை மட்டும் இழக்கின்றன. ஈயின் எந்தச் செயல் நின்றுபோகிறது என்பதைக் கொண்டு அவற்றின் பொறுப்பு என்ன என்று கண்டறியலாம்.