நாஸ்திகர் என்று பெயரெடுத்த கிறிஸ்தவர்கள்



நம்மை நாஸ்திகர்கள் என்று தூற்றுகிறவர்களில் பண்டிதர்களும் புரோகிதர்களும் மாத்திரமல்லாமல் சில பாதிரிமார்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒரு காலத்தில் அவர்களுடைய முன்னோர்களுக்கே வழங்கி வந்தது என்பதையும், அதற்காக அவர்கள் உயிரையே கொடுக்க நேர்ந்தது என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் கி.மு. 44-ல் குத்திக் கொல்லப்பட்டான். கி.மு. 42-ல் செனட் சபை கூடித் தீர்மானம் போட்டு அவனைக் கடவுளாக்கிற்று. கவனியுங்கள் தோழர்களே, தீர்மானத்தினால் ஒரு கடவுள்! அவனுடைய சுவீகாரப் புத்திரன் ஆகஸ்டஸ் தன்னைக் கடவுளின் மகன் என்று நாணயத்திலேயே அடித்துக் கொண்டான். கி.மு. 29-ல் சின்ன ஆசியாவிலுள்ள பெர்கமம் பட்டணத்தார் அவனுக்குக் கோவில் கட்ட அனுமதி பெற்றார்கள். அதன் பிறகு ஊருக்கு ஊர் போட்டி. கோவில் பட்டம் யாருக்கு, பூசாரிப் பதவி எந்தப் பணக்காரனுக்கு என்பதுதான் சண்டை. பக்தி எவ்வளவிருந்தது என்பதற்கு வெஸ்பாசியன் சக்கரவர்த்தியே சாட்சி. கி.பி. 79-ல் அவன் சாகக் கிடந்தபோது, தான் கடவுளாகிக்கொண்டு வருவதாகத் தோன்றுகிறதென்று கேலி செய்தானாம்.

யூதர்கள் வேறு கடவுளைக் கும்பிட மாட்டார்கள். ஆகவே ஓர் ஏற்பாடு இருந்தது. சக்கரவர்த்திக்குப் பலியிடாமல், சக்கரவர்த்திக்காகத் தங்கள் கடவுளுக்கு எருசலேமில் தினந்தோறும் பலியிட்டார்கள். கலிகுலா என்பவனுக்கு இது போதவில்லை. எனக்காக யாருக்கோ பலி கொடுத்தீர்கள், எனக்குக் கொடுத்தீர்களா என்று தூதுவந்த யூதர்களைக் கேட்டான். கி.பி. 40-ல் தன் சிலையை எருசலேம் கோவிலில் வைக்க உத்தரவிட்டான். ஜனங்கள் கத்தி எடுக்கவில்லை. விதைப்புக் காலத்தில் ஏரை நிறுத்திவிட்டு, எங்களைக் கொன்றுவிட்டு வையுங்கள் என்று கவர்னர் பெட்ரோனியஸ் முன் வந்து கிடந்தார்கள். விளைச்சலில்லாவிட்டால் வரி ஏது? அவன் நாள் கடத்தினான். கி.பி. 41-ல் கலிகுலாவை அவனுடைய மெய்க்காப்பாளர்களே கொன்றுவிட்டார்கள். கடவுள் செத்தார், சிலையும் நின்றது! ஆனால் கி.பி. 66-ல் அந்தத் தினப்பலி நிறுத்தப்பட்டு யுத்தம் மூண்டது. 70-ல் கோவில் இடிந்தது. அதுவரை அந்தக் கோவிலுக்கு யூதர்கள் கொடுத்து வந்த காணிக்கையை, அதற்குப் பின் ரோமாபுரியின் ஜூபிடர் கோவிலுக்கு வரியாகக் கட்டும்படி செய்தார்கள்.

கிறிஸ்தவர்களுக்கோ அந்தப் பழைய சலுகைகூட இல்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்துக் கவர்னர் பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நீ கிறிஸ்தவனா என்று மூன்று தடவை கேட்பான். ஆம் என்றவர்களுக்குத் தண்டனை. இல்லை என்றவர்கள் தேவதைகளையும் சக்கரவர்த்தியின் உருவத்தையும் வணங்கிச் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தான். மூட நம்பிக்கையைத் தவிர வேறு குற்றம் அகப்படவில்லை என்று அவனே எழுதுகிறான். கோவில்கள் வெறிச்சென்றிருந்தன, பலி மாமிசம் வாங்க ஆளில்லாமலிருந்தது, இப்போது தேறி வருகிறது என்றும் எழுதுகிறான். வியாபாரம் எங்கே நொந்தது என்பது தெரிகிறதல்லவா? டிராஜனின் பதில்: அவர்களைத் தேடிப் பிடிக்காதே, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே, அகப்பட்டால் தண்டி. குற்றமென்றால் தேடவேண்டும், குற்றமில்லையென்றால் தண்டிப்பானேன்?

ஸ்மர்னா பட்டணத்தில் இரண்டாம் நூற்றாண்டின் மத்தியில் பாலிகார்ப் என்ற கிழவரை ஜனக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, நாஸ்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறேன் என்றான் கவர்னர். கண்ணுக்குத் தெரியும் விக்கிரகங்களைக் கும்பிடாதவன் நாஸ்திகன் என்பதே அவர்கள் அகராதி. கிழவர் எதிரிலிருந்த கூட்டத்தைக் கையால் காட்டி, நாஸ்திகர்கள் ஒழிக என்றார்! கொளுத்தினார்கள். அவர் கொள்கை எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒரு சிட்டிகைச் சாம்பிராணியில் உயிர் தப்பலாமென்றபோதும் நெஞ்சறிந்து பொய் சொல்லாத மனிதனுக்கு நான் தலை வணங்குவேன்.

எல்லோரும் அப்படியில்லை. கி.பி. 250-ல் டெசியஸ் சக்கரவர்த்தி, யாவரும் தேவதைகளுக்குப் பலியிட்டுச் சர்ட்டிபிகேட் வாங்கவேண்டுமென்று உத்தரவிட்டான். பலர் ஓடிப்போய்ப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொண்டார்கள். எகிப்து தேசத்து மணலில் இவை நாற்பதுக்கு மேல் அகப்பட்டிருக்கின்றன. அதிலொன்று முதலைச் சாமிக்குப் பூசாரியாயிருந்த ஓர் அம்மாள் பெற்றது. முதலைக்குப் பூசை செய்கிறவளுக்கே பக்திச் சர்ட்டிபிகேட் வேண்டியிருந்தது பாருங்கள்! மறு வருஷமே டெசியஸ் கோத்தியரோடு நடந்த சண்டையில் மாண்டான்.

சரி, காலம் மாறிற்று. 313-ல் கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குப் பூரண சுதந்திரம் வந்தது. 380-ல் தியோடோசியஸ் சக்கரவர்த்தி அவர்கள் மதத்தையே சர்க்கார் மதமாக்கினான். பின்பு பழைய கோவில்களில் பலியிடுவது குற்றமாயிற்று. 388-ல் யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள கல்லினிக்கம் என்ற ஊரில் பிஷப்பின் தூண்டுதலால் ஒரு கூட்டம் யூதர்களின் ஜெபாலயத்தைக் கொளுத்திற்று. பிஷப் தன் செலவில் கட்டிக் கொடுக்க வேண்டுமென்று தியோடோசியஸ் நியாயமாகவே உத்தரவிட்டான். மிலான் நகரத்துப் பிஷப் அம்புரோஸ், அந்த உத்தரவை ரத்து செய்தாலொழியப் பூசை நடத்தமாட்டேனென்று கோவிலுக்குள்ளேயே சக்கரவர்த்தியை மறித்தார். சக்கரவர்த்தி இணங்கினான். அந்தப் பிஷப் ஒரு செங்கல்கூட வைக்கவேண்டியிருக்கவில்லை.