இரண்டாவது ஏடு



ஆங்கிலக் கல்வி நம் நாட்டுக்கு வந்த வரலாற்றை எழுதச் சொன்னால், இணையத்தில் தேடும் மாணவருக்கு ஒரு பேச்சு எளிதாகக் கிடைத்துவிடும். 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசியதாம். இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை என்றும், இவர்களுடைய பண்பாட்டை உடைத்தால்தான் ஆள முடியும் என்றும் அதில் இருக்கும். பெயர், நாள், இடம் எல்லாம் இருப்பதால் சான்றுபோலவே தெரிகிறது. ஆனால் அவர் அப்படிப் பேசவே இல்லை. அந்த நாளில் அவர் லண்டனிலேயே இல்லை. கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபை உறுப்பினராகக் கல்கத்தாவில் இருந்தார். அன்று அவர் எழுதியது கல்வி பற்றிய புகழ்பெற்ற குறிப்பு. இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு ஈடாகும் என்ற குறிப்பு அது. மெக்காலேயைக் குற்றம் சாட்ட விரும்புவோருக்கு அந்த உண்மை ஆவணமே போதும். அதுவும் அதே இணையத்தில், முழுதாக, காசில்லாமல் கிடைக்கிறது. பொய்யும் மெய்யும் ஒரே நாளைச் சுமந்துகொண்டு அருகருகே நிற்கின்றன. பிள்ளை ஏன் முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

சோம்பல் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது சரியான விடை இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வரலாற்றுக் கல்விக் குழு 12 மாநிலங்களில் மாணவர்களின் 7,804 விடைகளைத் திரட்டி 2016-இல் அறிக்கை வெளியிட்டது. நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், விளம்பரம் என்ற குறிப்போடு வந்த கட்டுரையையே செய்தி என்று நம்பினார்கள். பின்னர் அதே குழுவைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும், இணையத் தளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று 45 பேரை ஒப்பிட்டார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் 10 பேர், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். மாணவர்கள் மட்டுமல்ல, வரலாற்றறிஞர்களிலும் பலர் பளபளப்பான தளங்களைக் கண்டு ஏமாந்தார்கள். திறந்த பக்கத்தையே மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்தது அவர்கள் பிழை. சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, இதை நடத்துவது யார், பிறர் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறிடத்தில் விசாரித்தார்கள். படிப்பில் குறைந்தவர்கள் தோற்கவில்லை. பழக்கம் இல்லாதவர்கள் தோற்றார்கள்.

அந்தப் பழக்கம் தமிழுக்குப் புதிதா? உ.வே.சாமிநாதையர் 1887-இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது ஒரே சுவடியை வைத்தா? ஊர் ஊராகத் தேடிப் பல ஏடுகளைச் சேர்த்தார், வரிக்கு வரி ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார். சமணக் கொள்கையில் ஐயம் வந்தபோது சுவடியை மூடிவைத்துவிட்டு, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். ஏட்டை விட்டு வெளியே வந்து கேட்பது, பிறகு ஏட்டுக்குத் திரும்புவது: சரிபார்ப்பவர்கள் திரையில் செய்ததும் இதைத்தான். தேடுபொறி தரும் முதல் பக்கம் கையில் கிடைத்த முதல் ஏடு. அதில் செல்லரித்தது எது, இடைச்செருகல் எது என்பதை இரண்டாவது ஏடு வந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அந்தக் காலத்திலும் நோட்ஸைப் பார்த்துத்தானே எழுதினோம் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த நோட்ஸுக்கு ஆசிரியர் பெயரும் பதிப்பகத்தின் முகவரியும் இருந்தன. எந்த நோட்ஸ் என்பது வாத்தியாருக்கும் தெரியும். பிழை இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது தெரிந்திருந்தது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது, அதில் நான் பிள்ளைகள் பக்கம் நிற்கிறேன். ஐந்து பாடத்துக்கும் செயல்திட்டம், நாளைக்கே ஒப்படைக்க வேண்டும் என்றால், இரவு எட்டு மணிக்கு அப்பா பிரவுசிங் சென்டருக்குத்தான் ஓடுவார். அங்கே அச்சடித்ததை ஏ4 தாளில் ஒட்டி, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. மெக்காலே பற்றி எழுதி வருக என்ற கேள்விக்கு அது போதுமான விடை. அப்படியானால் பிழை கேள்வியிலும் இருக்கிறது. முதல் பக்கத்தோடு நிறுத்து என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவே விடை எழுதித் தரும்போது இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அது பல ஏடுகளைக் கலந்து ஒரே ஓட்டத்தில் படித்துக் காட்டுகிறது. எந்த வரி எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பது பல வேளைகளில் தெரியாமல் போகிறது. அதனால் ஒப்பிடும் வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கிராமத்துப் பிள்ளைக்கு நூலகம் ஏது, கைப்பேசி மட்டும்தானே என்பவர்களுக்கும் விடை உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் விக்கிமூலமும் அதே கைப்பேசியில் இலவசமாகத் திறக்கின்றன. விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்பைத் தொட்டாலே, மூலம் இருக்கும் கட்டுரைகளில், அடுத்த ஏடு கிடைத்துவிடும்.

இங்கே இருக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் பருவத்தில் வரலாற்றுப் பாடத்துக்குச் செயல்திட்டம் ஒன்றே ஒன்று கொடுங்கள். அந்தப் போலிப் பேச்சையும் 1835-இன் உண்மைக் குறிப்பையும் பிள்ளைகள் கையில் தாருங்கள். இரண்டில் எது மெக்காலே எழுதியது, அதை எங்கே போய் உறுதிசெய்தாய் என்று கேளுங்கள். இரண்டு வாரம் அவகாசம் விடுங்கள். ஓரத்துப் பூவுக்கு மதிப்பெண் வேண்டாம்; எங்கே தேடினேன், எதை ஏன் விலக்கினேன் என்று பிள்ளை எழுதும் அந்த அரைப் பக்கத்துக்குப் பாதி மதிப்பெண் போடுங்கள்.