பிழை எந்தக் கட்டத்தில்? அசெம்பிளி மொழி பயிலும் மாணவர்க்கு



ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டம் விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் கணினித் துறை பயிலப் போகிறார்கள். டுரியான் துங்காலில் யூடெம் இருக்கிறது. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய படிப்பில் அசெம்பிளி மொழி என்றொரு பாடம் வரும். நிரலை எழுதுவதைவிட, எழுதியதை இயங்கும் கோப்பாகக் கட்டும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். திரை நிறைய ஆங்கிலத்தில் பிழைச் செய்திகள் வருகின்றன. இது நமக்கு வராது என்று பிள்ளை பாடத்தையே விட்டுவிட நினைப்பதும் அப்போதுதான். ஆகவே இன்று அதைப் பற்றிப் பேசுவோம். பெற்றோரும் கேட்கலாம், பால் வெட்டிய கைக்கு இதில் புரியாதது அதிகமில்லை.

சில்லுக்குரிய கட்டளைகளை வெறும் எண்களாக எழுதாமல் சிறு சொற்களாக எழுதுவதே அசெம்பிளி மொழி. பத்து பெரெண்டாம் ஆலைகளில் சில்லுகளைப் பார்த்துப் பழகியவர்கள் நம்மிடையே உண்டு. கட்டளைப்படி கணக்கிடும் சில்லு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு மொழி இருக்கிறது.

நிரலைக் கட்டுவதில் இரண்டு வேலைகள் உண்டு. மரத்தில் பால் எடுப்பது ஒன்று, ஸ்டோரில் கொண்டு சேர்ப்பது மற்றொன்று அல்லவா? அதுபோல, அசெம்பிளர் ஒவ்வொரு வரியையும் எண்களாக மாற்றுகிறது. லிங்க்கர் அதை விண்டோஸின் துணைக் கோப்புகளோடு சேர்த்து முழு நிரலாக்குகிறது. மைக்ரோசாஃப்ட் கருவிகளில், பிழை எண் 'ஏ' என்று தொடங்கினால் முறையிடுவது அசெம்பிளர். 'எல்என்கே' என்று தொடங்கினால் லிங்க்கர். ஆங்கில வாக்கியம் புரியாவிட்டாலும் இந்த எழுத்தைக் கவனித்தால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். அசெம்பிளர் வரி எண்ணையும் தரும். லிங்க்கர் தன் முறையீட்டில் வரி எண் சொல்லாது, பெயரைத்தான் சொல்லும்.

இருபது பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். தரவுப் பகுதியில் ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் அந்த வரிக்கு ஏ2008 வரும். அங்கே பெயரிட்ட பொருள் பதிவாகாமல் போவதால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரிக்கும் ஏ2006, அதாவது 'இந்தப் பெயரை அறியேன்' என்ற பிழை வரும். தவறு ஒன்றுதான்.

ஏ2070 பெரும்பாலும் வேறு வகை. நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மூவ் கட்டளையால் நேரே மாற்றப் பார்த்தால் இது வரும். மங்கிலுள்ள பாலை வாளியில் ஊற்றித்தான் ஸ்டோர் தொட்டிக்குக் கொண்டு போகிறோம். இங்கே வாளி என்பது பதிவகம். முதலில் பதிவகத்துக்கு, பிறகு மற்ற இடத்துக்கு என்று இரண்டு வரியாக எழுத வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் ஏ2022 வரும்.

மாணவரை மிகவும் அலைக்கழிப்பது எழுத்துப் பிழையே இல்லாத பிழை. பாடநூலில் உள்ளபடி முதல் வரியில் புள்ளி 386 என்று எழுதியிருப்பார். அதற்கே ஏ2008 வரும். நூல் 32 பிட்டுக்கு எழுதப்பட்டது. கணினியில் ஓடுவதோ 64 பிட் அசெம்பிளர். அதற்கு அந்த வரி தெரியாது. ஓர் இரவு முழுவதும் எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. விஷுவல் ஸ்டுடியோவில் தளத்தை எக்ஸ்86 என்று மாற்றினால் தீரும். இன்னும் பழைய டாஸ் காலத்து நூலானால் அந்த நிரல் 64 பிட் விண்டோஸில் இயங்கவே இயங்காது, டாஸ்பாக்ஸ் வேண்டும். நூலின் ஆண்டை முதலில் பார்ப்பது நல்லது.

லிங்க்கர் பிழைகளுள் எல்என்கே 2019 அடிக்கடி வருவது. அழைத்த பெயர் எங்கும் கிடைக்கவில்லை என்று பொருள். கெர்னல்32 நூலகத்தைச் சேர்க்க மறந்திருக்கலாம், அல்லது பெயர் மாறியிருக்கலாம். 32 பிட்டில் எக்ஸிட்பிராசஸ் என்ற பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடும், பின்னால் அட் குறியும் 4-உம் சேரும். அந்த 4, அதற்குக் கொடுக்கும் மதிப்பின் பைட் அளவு. தொடக்கத்தில் ஸ்டிட்கால் என்று குறித்துப் புரோட்டோ வரியும் எழுதினால் அசெம்பிளரே இவற்றைச் சேர்த்துவிடும். எல்என்கே 1561 என்றால், பெரட்டுக்கு ஆள் வந்தாயிற்று, எந்த நிரையில் தொடங்குவதென்று யாரும் சொல்லவில்லை. கடைசி எண்ட் வரியில் தொடங்குமிடத்தின் பெயரை எழுத வேண்டும். நாம் கட்டும் கோப்பையே திறக்க முடியவில்லை என்று எல்என்கே 1104 வந்தால், முன்பு ஓடவிட்ட கருப்புத் திரை இன்னும் மூடப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை இயக்கிய மாரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளில் நல்லதொரு பகுதி தம் சொந்த நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று அப்போது உணர்ந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கணினியைக் கட்டியவர் நிலையே அது.

வீட்டில் பிள்ளை திரை முன்னால் சோர்ந்து உட்கார்ந்தால், "மேலே முதல் பிழை என்னய்யா, வாசி" என்று கேளுங்கள். எண்ணையும் திருத்திய விதத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதே எண் அடுத்த வாரமும் வரும்.