பெட்டியைத் திறக்காமலே ஹார்டு டிஸ்க்கை அறிவது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், பிரயோஜனமாப் பேசணும்" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி அமர்கிறேன்.

களக்காட்டில் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி. வாங்கி ஒன்றரை வருடமே ஆன லேப்டாப்பில் விண்டோஸ் வராமல் நின்றுவிட்டது. வெளியூர்க் கடை ஒன்றில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினாள். லேப்டாப் ஓடியது. ஆனால் புராஜெக்டும் இல்லை, காலமான அப்பாவின் படங்களும் இல்லை. "அதே டிஸ்க்தான், பார்மட் பண்ணியிருக்கோம்" என்றார்களாம். "மாமா, இது எங்க டிஸ்க்தானான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கண்கலங்கி வந்து நின்றாள். திறக்கலாம் என்றால், திருகாணி மேல் வாரண்டி ஸ்டிக்கர்! கிழித்தால் வம்பு.

திறக்க வேண்டியதே இல்லை, நண்பர்களே. ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் ஜாதகத்தைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. "நீ யார்?" என்று கம்ப்யூட்டர் கேட்டால், சாட்டா வகை டிஸ்க் 512 பைட்டுகளில் பதில் சொல்லிவிடும். மாடல் எண், சீரியல் எண், கொள்ளளவு எல்லாம் அதில் உண்டு.

நாம் எப்படிக் கேட்பது? விண்டோஸ் 10, 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'டிஸ்க் 0' என்பதைத் தொடுங்கள். மாடல் எண் தெரியும். சுழலும் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதும் தெரியும். சீரியல் எண் வேண்டுமென்றால் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் காட்டும். லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலி போதும். அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். எதுவுமே கிளம்பவில்லையா? பெரும்பாலான லேப்டாப்புகளில் பயாஸ் திரையே டிஸ்க்கின் மாடலைச் சொல்லிவிடும்.

அந்த மாடல் எண்ணையும் படிக்கலாம். 'எஸ்டி500எல்டி012' என்றால், எஸ்டி என்பது சீகேட், 500 என்பது 500 ஜிபி, எல்டி என்பது லேப்டாப்புக்கான மெல்லிய ரகம். அதன் தடிமன் 7 மி.மீ. அந்த இடத்தில் 9.5 மி.மீ. டிஸ்க்கை வாங்கி வந்தால் நுழையாது. விண்டோஸ் அதை 465 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். அது கணக்கிடும் முறை வேறு, யாரும் ஏமாற்றவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்று ஒரு வரி உண்டு; டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு. 26,000-க்கு மேல் காட்டியது. ராப்பகலாக அணைக்காமல் ஓட்டினாலும் ஒன்றரை வருடத்துக்குச் சுமார் 13,000 மணி நேரம்தானே! ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு மூணு வயசுப் பல்லு எப்படி முளைக்கும்?

திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. "பையன் மாத்திப் போட்டுட்டான் போலிருக்கு" என்று மேஜை டிராயரில் கிடந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். நான்காவதில் அவள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அது அதிர்ஷ்டம். மாற்றிப் போட்டது ஒன்றரை வருடப் பயன்பாட்டுக்குப் பொருந்தும் அளவு ஓடிய டிஸ்க்காக இருந்திருந்தால் என்னிடம் எந்த வாதமும் இல்லை. அவளிடம் பழைய சீரியல் எண் குறித்து வைத்திருக்கவில்லையே!

ஆகவே மாணவச் செல்வங்களே, இன்று இரவே உங்கள் டிஸ்க்கின் மாடலையும் சீரியல் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் ரசீதில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். முக்கியமான படங்களுக்கு இன்னொரு நகலும் இருக்கட்டும். நாம் சத்தியவாகீசர் ஊர்க்காரர்கள். உண்மையைக் கேட்டு வாங்கக் கூச்சம் எதற்கு?