பணிவும் பணியும்
(இலக்கிய வட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்தவ வாழ்வில் பணிவும் தொண்டும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ‘பணி’ என்றால் வணங்கு; ‘பணி’ என்றால் தொண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தது நம் மொழி. வாழ்க்கையிலோ இவை எளிதிற் பிரிந்துவிடுகின்றன. நன்கொடைக் கல்வெட்டில் தம் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று தேடும் தொண்டர்களை நாம் அறிவோம்.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பந்தியை விட்டெழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அந்நாளில் அது அடிமையின் வேலை. பேதுரு மறுக்கிறார். அம்மறுப்பை அடக்கம் என்பர் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறர் கையால் தொண்டு பெறுவதற்கும் பணிவு வேண்டும்.

இதை எனக்கு விளக்கியது டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோரின் மகன் அவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டில் தொழுநோயாளி ஒருவரின் கையைப் பற்றிக் குலுக்கினார். விரல்கள் மடங்கிச் சுருண்ட அந்தக் கை, அவர் வலியால் துடிக்குமளவு இறுகப் பற்றியது. நோயாளிக்கோ அது தெரியவில்லை. உணர்வு போயிருந்தது, தசைகளில் வலிமை எஞ்சியிருந்தது. தொடாமல் நின்றவருக்கு இந்த உண்மை கிட்டியிருக்குமா?

நலமான தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தினார். வெற்றிதான். ஆனால் குணமான ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகளைக் கண்டு யாரும் பிச்சையிடுவதில்லை, நோயாளி என்று வேலையும் தருவதில்லை என்று முறையிட்டார். நன்றியை எதிர்பார்த்து நிற்பவரானால் முகம் சுளித்திருப்பார். பிராண்டு அந்த முறையீட்டிலிருந்து கற்றுக்கொண்டார். குணமானோர் தச்சு முதலிய தொழில் பயில ஓர் இல்லம் எழுந்தது. என் கணக்கில் அவருடைய அறுவைத் திறனைவிட அந்தச் செவிசாய்ப்பே பெரிது.

பிறகு அவர் கவனம் கால்களுக்குச் சென்றது. வலி தெரியாததால் கல்லும் முள்ளும் பாதங்களைப் புண்ணாக்கின. அந்தப் புண்ணோடே நோயாளிகள் நடந்தனர். அவரும் உடனுழைத்தோரும் அப்பாதங்களைக் குனிந்து ஆராய்ந்து, மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்வித்தனர். கைகளைச் சீராக்கிப் புகழ்பெற்ற மருத்துவர் செருப்பின் அடித்தட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்.

ஆலய வாசலில் அமர்ந்திருந்த ஒரு தொழுநோயாளிக்கு நான் பல ஆண்டுகள் காசு போட்டதுண்டு. நின்று பேசியதில்லை. அவர் காலில் செருப்பு இருந்ததா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன், நினைவில்லை.