எலும்புக்கூட்டுக்கு ஆரஞ்சுப் பாவாடை

(மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நாமும் போய் ஆறு மாதம் தங்கி வருகிறோம். அக்டோபரில் அங்கே இருந்தால், பேரக்குழந்தையின் கையில் மண்டையோடு, வௌவால், சூனியக்காரி படங்கள் நிறைந்த கலரிங் புத்தகத்தைப் பார்ப்பீர்கள். "வீட்டுக்குள் பேய்ப் படமா?" என்று முகம் சுளிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு பென்சிலை எடுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஹாலோவீன் அக்டோபர் 31ஆம் தேதி வருகிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய பழைய பண்டிகை அதன் வேர். அன்று இறந்தவர்கள் வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மகாளய பட்சம் அனுசரிக்கும் நமக்கு இது புரியாததா என்ன? அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் குடியேறியபின் அது பூசணிக்காய் ஆனது.

இனி செலவுக் கணக்கு. முதலில் புத்தகத்தின் தாளைத் தொட்டுப் பாருங்கள். தாளுக்கு ஏற்றபடிதான் கலர் வாங்க வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு மெழுகு கிரேயான் போதும். மெல்லிய தாளிலும் மறுபக்கம் ஊறாது. 1903இல் வந்த முதல் கிரேயோலா டப்பாவில் 8 நிறங்கள், விலை 5 சென்ட். ஹாலோவீனுக்கு வேண்டிய ஆரஞ்சு, கறுப்பு, ஊதா, பச்சை நான்கும் அந்த எட்டிலேயே இருந்தன. ஆகவே 64 நிற டப்பாவுக்கு அவசரமில்லை.

ஸ்கெட்ச் பேனா என்றால் தண்ணீரில் கழுவினால் போகும் வகையாக வாங்குங்கள். ஆல்கஹால் மார்க்கர் பளிச்சென்று இருக்கும், ஆனால் தாளின் பின்பக்கம் ஊறி அடுத்த படத்தையும் கெடுக்கும். பெரிய பிள்ளைகள் அதைக் கேட்டால், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட புத்தகமாகப் பார்த்து, அடியில் ஒரு தடித்த அட்டையும் வையுங்கள்.

நுணுக்கமான படங்களுக்குக் கலர் பென்சில்தான் சரி. இரவு வானத்துக்குக் கறுப்பை அழுத்தித் தேய்க்க வேண்டாம். முதலில் நீலம், அதன்மேல் ஊதா, கடைசியில் லேசாகக் கறுப்பு. பூசணிக்கு அடியில் மஞ்சள், மேலே ஆரஞ்சு, பள்ளங்களில் மட்டும் பழுப்பு. வெள்ளைப் பேயை அப்படியே விட்டுச் சுற்றிலும் இருட்டாக்கினால் அது தானே எழுந்து நிற்கும். நட்சத்திரத்துக்கும் சிலந்தி வலைக்கும் கடைசியில் ஒரு வெள்ளை ஜெல் பேனா.

எதை வாங்கினாலும் டப்பாவில் 'ஏபி' என்ற நச்சற்ற பொருளுக்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை வாயில் வைக்காமல் இருக்காது.

என் பேத்திக்கு நாலரை வயது. எதிர்வீட்டு வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்து, அந்தப் பக்கம் நடக்கவே மாட்டேன் என்று அழுதாள். புத்தகத்தில் இருந்த எலும்புக்கூட்டுக்கு அவளே ஆரஞ்சுப் பாவாடையும் பச்சைச் சட்டையும் போட்டாள். ஒரு பெயரும் வைத்தாள். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு எலும்புக்கூட்டுக்கு டாட்டா காட்டிவிட்டு நடந்தாள்.

ஆகவே, "எலும்பு வெள்ளையாகத்தானே இருக்கும்?" என்று திருத்தாதீர்கள். கோட்டைத் தாண்டினாலும் போகட்டும். பயமுறுத்தும் ஒன்றுக்குத் தன் இஷ்டப்படி நிறம் கொடுக்கும்போது அது குழந்தைக்குக் கட்டுப்பட்டதாகிவிடுகிறது. பேச்சு மொழி சரியாக ஒத்துவராத தாத்தா பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே, ஒரு புத்தகமும் எட்டுக் கிரேயானும் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்.

இந்த அக்டோபரில் பயணம் போகிறவர்கள் முயன்று பாருங்கள்.